மலிவு விலைக் கடையில் ஆஸ்துமா பம்பு வாங்கலாமா?

உசிலம்பட்டியில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு இருபது வருடமாக இழுப்பு. போன மார்கழியில் வழக்கமான பம்பு தீர்ந்துவிட்டது. விலை குறைவாக ஜெனரிக் பம்பு, அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி செய்து விற்கும் பம்பு, ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏய்யா, தொண்டையில சுருக்குன்னே படலையே, வெறுங்காத்தை அடைச்சுக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

காற்று இல்லை, மருந்துதான். பம்பிலிருந்து மருந்தைத் தள்ளும் வாயுவோடு சேர்க்கும் பொருட்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் ஆல்கஹால் சேர்ப்பார்கள். ருசியும் தொண்டையில் அடிக்கும் வேகமும் அதனால்தான் வேறுபடுகின்றன. சுருக்கென்று படுவது மருந்தின் அளவுகோல் அல்ல.

இன்னொன்று, நாம் 'ஒரிஜினல்' என்று நம்புவதே பெரும்பாலும் ஜெனரிக்தான். மூச்சு முட்டும்போது அடிக்கும் பம்பில் இருக்கும் சால்பூட்டமால் என்ற மருந்து 1969இல் இங்கிலாந்தில் வென்டோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை முடிந்து பல காலமாகிவிட்டது. நம் ஊரில் எல்லோரும் கேட்டு வாங்கும் அஸ்தாலினும் அதே மருந்துக்கு வேறொரு கம்பெனி வைத்த பெயர்தான். ஆகவே பெயருள்ள ஜெனரிக்கா, பெயரில்லாத ஜெனரிக்கா என்பதே நம் முன்னால் இருக்கும் கேள்வி.

சரி, எங்கே கிடைக்கும்? காசே இல்லாமல் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனை. மதுரையில் ராஜாஜி மருத்துவமனையும், நெஞ்சு நோய்க்கென்றே தோப்பூரில் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே தரும் மருந்துகளை, 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஜெனரிக் பெயரில் மொத்தமாக வாங்கி, ஆய்வகச் சோதனைக்குப் பிறகு அனுப்புகிறது. காசு கொடுத்து வாங்குவதென்றால், 2008இல் மத்திய அரசு ஆரம்பித்த மக்கள் மருந்தகங்கள் உண்டு. விலை வெளிக்கடையைவிட 50 முதல் 90 சதவீதம் வரை குறையும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. மாநில அரசின் முதல்வர் மருந்தகங்கள் 24 பிப்ரவரி 2025 அன்று 1,000 கடைகளோடு திறக்கப்பட்டன. போகுமுன் உங்கள் பம்பு இருப்பில் இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தக மருந்துகளின் பெயரையும் விலையையும் 'ஜன் ஔஷதி சுகம்' செயலியிலேயே தேடலாம்.

விலை குறைவென்றால் தரமும் குறைவு என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பயமெல்லாம் கருவியைப் பற்றித்தான். மாத்திரை என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் விழுங்கினால் போதும். ஆஸ்துமா மருந்து நுரையீரலுக்குள் போய்ச் சேர வேண்டும், அது நாம் இழுக்கும் விதத்தில் இருக்கிறது. அழுத்தி அடிக்கும் பம்பை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். கேப்சூல் போட்டுத் திருகும் ரோட்டாஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். முறை நேர் எதிர். பம்பு கேட்டவரிடம் கேப்சூலைக் கொடுத்து, அவர் அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிய கதைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. புதுப் பம்பை முதலில் சில தடவை வெளியே அடித்துவிட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. அப்பத்தாவுக்கு அதை நானும் சொல்லவில்லை.

பெயரையும் முழுசாகப் படியுங்கள். லெவோசால்பூட்டமால் 50 மைக்ரோகிராம் பம்பும் சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம் பம்பும் ஒரே வேலையைச் செய்பவைதான், ஆனால் சீட்டில் இருப்பது எதுவோ அதுதான் கைக்கு வர வேண்டும். தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு பம்புக்குப் பதிலாக, மூச்சு முட்டும்போது மட்டும் அடிக்கும் பம்பை வாங்கி வந்தால் அது பெரிய ஆபத்து.

அப்புறம் சட்டம். டாக்டர் ஒரு பிராண்டை எழுதியிருந்தால், "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்று கடைக்காரர் தாமாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய 'எச் அட்டவணை' மருந்துகளுக்கு இதைத் தடுக்கிறது. உள்ளே இருக்கும் மருந்து அதேதான் என்றாலும் தடைதான். அப்படியென்றால் மலிவு மருந்தை எப்படி வாங்குவது? டாக்டரிடமே கேளுங்கள். ஜெனரிக் பெயரில், படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று மருத்துவ நெறிமுறையில் 2016இலேயே திருத்தம் வந்துவிட்டது. 2023இல் இதை இன்னும் இறுக்கிப் புது விதி போட்டு, அந்த மாதமே நிறுத்தியும் வைத்துவிட்டார்கள், அது தனிக்கதை. மருந்தின் பெயர், அளவு, பம்பா கேப்சூலா ஆகிய மூன்றும் சீட்டில் இருக்கட்டும். ஒரு தடவை டாக்டர் முன்னால் இழுத்தும் காட்டிவிடுங்கள்.

மாற்றியபின் இரவில் இருமல் கூடினாலோ, மூச்சு முட்டும்போது அடிக்கும் நீலப் பம்பு அடிக்கடி தேவைப்பட்டாலோ ருசியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் உடனே 108. மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். பேட்ச் எண் வேண்டியிருக்கும், அதனால் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.