பாவ்லோவின் நாய்களும் லெனின்கிராடு வெள்ளமும்

1924 செப்டம்பர் 23 அன்று புயற்காற்று பின்லாந்து வளைகுடாவின் கடல்நீரை நேவா ஆற்றின் முகத்துக்குள் தள்ளியதில் ரஷ்யாவின் லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரம் வெள்ளக்காடானது. நாய்களின் பழக்கங்களை ஆராய்ந்த ரஷ்ய உடலியங்கியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் இருந்த கொட்டில்களிலும் தண்ணீர் ஏறவே, ஊழியர்கள் அவற்றைச் சிறு குழுக்களாக நீந்தச் செய்து ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அலைகள் சுவரில் மோத, மரங்கள் முறிந்து விழ, எல்லா நாய்களும் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடந்தன. சேர்த்து விட்டால் வழக்கமாகக் கடித்துக் குதறிக்கொள்ளும் அவை அன்று சண்டையே போடவில்லை. அந்த அமைதியைப் பாவ்லோவ் நரம்பு மண்டலம் ஒடுங்கிப்போனதன் அறிகுறியாகவே கண்டார்.

வெள்ளம் வடிந்த பின் சில நாய்கள் எதுவும் நடவாததுபோல் சோதனைகளுக்குத் திரும்பின. இயல்பிலேயே கூச்சமும் அடக்கமும் மிகுந்தவையோ நெடுநாள் தேறவில்லை. குறிப்பிட்ட ஒலியைக் கேட்டதும் எச்சில் ஊறும்படி பழக்கப்பட்டிருந்த ஒரு நாய் அந்தப் பழக்கத்தையே இழந்து, வைத்த உணவையும் மறுத்தது. ஆய்வாளர் அறைக்குள் வந்து அருகில் உட்கார்ந்தால் மட்டும் பழைய நிலை திரும்பியது. அவருடைய உடையை நாயின் கண்ணில் படாமல் அறையில் வைத்தபோதுகூட, வாசனையினால் போலும், ஓரளவு பலன் கிடைத்தது.

அது தேறி வந்த பிறகு ஒரு நாள் கதவிடுக்கு வழியாகச் சிறிதளவு தண்ணீரை அறைக்குள் கசிய விட்டார்கள். தரையில் குட்டையாகத் தேங்கிய அந்த நீரைக் கண்டதும் நாய் மூச்சிரைத்து, நிலைகொள்ளாமல் தவித்து, தன்னை நிறுத்தியிருந்த சோதனை மேடையிலிருந்து இறங்கப் பார்த்தது. மீண்டும் பழக்கங்கள் மறைந்தன. இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் இதற்கு இசைவு தராது என்றே நினைக்கிறேன்.

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அமிக்டலா என்னும் பகுதி விழித்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும், சற்றுப் பின்னர் கார்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. உடலைத் தப்பியோடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்தும் இந்தச் சுரப்புகளே அந்தக் கணத்தின் ஓசை, மணம், காட்சி ஆகியவற்றை நினைவில் ஆழமாகப் பதியவும் செய்கின்றன. ஒரே நிகழ்வு ஆயுள் முழுதும் நிற்பது இதனால்தான். அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தாலோ, எந்த இடத்தில் எது ஆபத்து என்று பிரித்தறிய உதவும் ஹிப்போகாம்பஸும், அச்சத்தை அடக்கி ஆளும் முன்மூளைப் புறணியும் தளர்கின்றன; வெடிச்சத்தத்துக்கு மட்டும் நடுங்கிய நாய் பாத்திரம் விழும் ஓசைக்கும் கட்டிலுக்கடியில் ஒளியத் தொடங்கும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய அமெரிக்க இராணுவ நாய்கள் சிலவற்றில் இத்தகைய மாற்றங்களை இராணுவக் கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். சில, முன்பு தயங்காமல் நுழைந்த கட்டடங்களுக்குள் போக மறுத்தன.

பழகிய அச்சம் பயிற்சியால் அழிந்துபோவதில்லை. பழக்கப்படுத்திய ஒரு செயல் தேய்ந்து மறைந்த பின்னும் ஓய்வுக்குப் பிறகு தானாகத் தலைதூக்கும் என்பதைக் கண்டறிந்தவரும் பாவ்லோவ்தான். “இந்த ஓசையால் தீங்கில்லை” என்ற புதிய பாடம் பழைய நினைவின்மேல் படிந்து அதை அடக்கி வைக்கிறது, அவ்வளவே. புது இடமோ புதிய அதிர்ச்சியோ அந்த அடக்கத்தைத் தளர்த்திவிடும்.

ஆகவே, தீபாவளி வெடிக்கு அஞ்சும் நாயை வெடிக்கு நடுவில் நிறுத்திப் பழக்குவது பயன் தராது. அச்சத்தின் உச்சத்தில் அந்தப் புதிய பாடம் மூளையில் ஏறாது. பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே, பதிவு செய்த ஓசையை நாய் காதைத் திருப்பும் அளவுக்கு மட்டும் மெல்ல ஒலிக்க விட்டு, உடனே அதற்குப் பிடித்த உணவைக் கொடுத்து, சிறிது சிறிதாக ஒலியைக் கூட்ட வேண்டும். ஓசை இவ்வளவு தணிந்திருந்தும் உணவை மறுக்கும் நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் பதற்றம் குறைக்கும் மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள்.