தலைகீழாக நிற்கத் தெரியாத படகு

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓகி புயலுக்குப் பிறகு தேடிப் போனவர்கள், கவிழ்ந்த வள்ளங்கள் அடிப்புறம் வானத்தைப் பார்க்க மிதந்துகொண்டிருந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார்களாம். "வெளிநாட்டில் கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் மீட்புப் படகுகள் இருக்கின்றனவாமே, அது எப்படி? நம் வள்ளத்துக்கு அதைச் செய்ய முடியாதா?" என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரெட்கார் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வடகடலைப் பார்த்தபடி இருக்கும் சிற்றூர் அது. கடற்கரைச் சாலையில் பழைய படகுக் கொட்டகை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நடத்துபவர்கள் ஊர்க்காரர்கள், சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். நான் போன அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே என்னையும் சேர்த்து நான்கு பேர். கூடத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு படகு அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஜெட்லாண்ட். 1802இல் கட்டியது. இன்றுவரை எஞ்சியிருக்கும் உயிர்காப்புப் படகுகளில் உலகிலேயே மிகப் பழையது இதுதான்.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கரை சேர்த்த படகு. அத்தனை வருடங்களில் தன் ஆட்களில் இழந்தது ஒரே ஒருவரை, 1836இல். இதற்கு வயதாகிவிட்டது, உடைத்துவிடலாம் என்று 1864இல் முடிவெடுத்தபோது ஊரே திரண்டு வந்து தடுத்துவிட்டது. ஊரார் எண்ணம் வீண்போகவில்லை. 1880இல் மற்றப் படகுகள் அடிபட்டுக் கிடந்த ஒரு புயலில் இந்தக் கிழப்படகை மறுபடியும் இறக்கி, லூனா என்ற கப்பலின் ஏழு பேரைக் காப்பாற்றினார்கள்.

முன், பின் என்ற வேறுபாடே இல்லாத வடிவம். இரண்டு முனையும் அணியம்தான், அதாவது முன்முனைதான். அலைக்கு நடுவில் படகைத் திருப்பினால் பக்கவாட்டில் அடி விழும். இதில் திருப்பவே வேண்டாம், ஆட்கள் திரும்பி உட்கார்ந்து தண்டு வலித்தால், அதாவது துடுப்புப் போட்டால் போதும். இதை வடிவமைத்த ஹென்றி கிரேட்ஹெட், தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காதிருக்கப் படகின் பக்கங்களில் தக்கையைக் கட்டினார். அவருடைய முதல் படகில் மட்டும் ஏறத்தாழ 350 கிலோ தக்கை.

அங்கிருந்த முதியவரிடம், "இது கவிழ்ந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் தன் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு அதை நிமிர்த்தவே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்தக் கை சொன்னதைத்தான் இப்போது பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பள்ளியில் படித்ததை ஒரு தடவை ஓட்டிவிடலாம். படகின் எடை முழுவதும் ஈர்ப்பு மையம் என்ற ஒரு புள்ளியில் கீழே இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். படகு விலக்கிய தண்ணீரின் வடிவத்துக்கு ஒரு மையம் உண்டு. அதுதான் மிதப்பு மையம், அங்கிருந்து தண்ணீர் மேலே தள்ளுகிறது. அகலமான படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழ்கிறது, மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்கிறது, தண்ணீர் அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. எனவே, அகலம் கூடினால் ஆட்டம் குறையும். இது எல்லா மீனவருக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால் அந்த அகலம் படகு தலைகீழான பிறகும் அகலம்தானே? இதைத்தான் நாம் யோசிப்பதில்லை. ஒரு பலகையைத் தண்ணீரில் போடுங்கள். எந்தப் பக்கம் போட்டாலும் அமைதியாக மிதக்கும். அதற்கு மேல், கீழ் கிடையாது. அகலமான வள்ளமும் கவிழ்ந்த நிலையில் ஒரு பெரிய பலகைதான். நிமிர்ந்திருக்கும்போது அதைக் காப்பாற்றிய அதே குணம் கவிழ்ந்த பிறகு அதைக் கவிழ்ந்தபடியே காப்பாற்றுகிறது. தண்ணீருக்குப் பாரபட்சம் கிடையாது. கட்டுமரத்துக்கு மட்டும் இந்தத் தொல்லை வேறு மாதிரி. அதில் நீர் தேங்கக் குழியே இல்லை. கவிழ்ந்தாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்.

அப்படியானால் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைபோல் அடியில் கனத்தை வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். பாதி பதில்தான் அது. பொம்மைக்கு உருண்டை அடி, தள்ளினால் உருளும். படகு அப்படி உருண்டையாக இருந்தால் அதில் உட்கார்ந்து தண்டு வலிக்க முடியாது. அகலமான படகைக் கனத்தை மட்டும் வைத்து நிமிர்த்த வேண்டுமென்றால், மணல் கரையில் ஆட்களால் இழுத்து இறக்கவே முடியாத அளவுக்குக் கனம் வேண்டியிருக்கும்.

வேறு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படகை நிமிர்ந்த நிலையில் உறுதியாக்குவதை மறந்துவிடுங்கள். தலைகீழ் நிலையை அதற்குத் தாங்க முடியாததாக ஆக்குங்கள்.

எப்படி? படகின் இரண்டு முனைகளையும் உயரமாகத் தூக்கி, அவற்றுக்குள் காற்றுப் புகாத, நீர் புகாத பெட்டிகளை வையுங்கள். நடுப்பகுதியின் பக்கங்களைத் தாழ்வாக விடுங்கள். ஏரா என்று நம் படகு கட்டுவோர் சொல்லும் அடிமரத்தில் இரும்பைப் பூட்டுங்கள். இப்போது இதைக் கவிழ்த்துப் பாருங்கள். அகலமான நடுப்பகுதி தண்ணீரைத் தொடவில்லை, அல்லது தொட்டும் தொடாமலும் இருக்கிறது. படகு முழுவதும் இரண்டு முனைப் பெட்டிகளின்மேல், இரண்டு கால்கள் மட்டுமே உள்ள கட்டில்போல் நிற்கிறது. அந்தக் கால்களும் குறுகலானவை, ஒரே கோட்டில் இருப்பவை. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சந்தலையில் இரும்பு. சின்ன அலை ஒன்று தட்டினால் போதும், இரும்பு ஒரு பக்கம் சரிகிறது. அது சரியச் சரிய எடை இன்னும் வெளியே போகிறது. நடுவில் நின்று பிடித்துக்கொள்ள அகலம் இல்லை. படகு புரண்டு நிமிர்ந்துவிடுகிறது.

வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு சாண் நீளப் பலகை, அடியில் ஒரு போல்ட், மேலே இரு முனையிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்த தெர்மாகோல் துண்டுகள், தண்ணீர்த் தொட்டி. கவிழ்த்தேன். நிமிரவில்லை! ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோபித்துக்கொண்டவர்போல் அப்படியே படுத்துவிட்டது. பலகையின் ஓரம் தண்ணீரைத் தொட்டு, முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பலகையைப் பாதி அகலத்துக்கு அறுத்தேன், இன்னொரு போல்ட் சேர்த்தேன். இந்த முறை கையை எடுத்ததும் ஒரு துள்ளல்; நிமிர்ந்து நின்று ஆடியது. அடுத்து அதே தெர்மாகோலை முனைகளிலிருந்து எடுத்து இரண்டு பக்கங்களிலும் ஒட்டினேன். கவிழ்த்தால் கவிழ்ந்தபடியே கிடந்தது. கிரேட்ஹெட் தக்கையை வைத்த இடம் அதுதான்.

பொருள் அதேதான், வைத்த இடம்தான் வேறு. இதை முதலில் கண்டவர் கிரேட்ஹெட்டின் ஊர்க்காரரே. 1789இல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் அட்வெஞ்சர் என்ற கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, போய்க் காப்பாற்ற ஏற்ற படகு இல்லாமல் கப்பல் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்து இறந்தார்கள். அந்த முகத்துவாரத்தில் இருக்கும் அவர்கள் ஊரான சவுத் ஷீல்ட்ஸின் பெரியவர்கள் ஒரு குழு அமைத்து, நல்ல படகு மாதிரிக்கு இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசு அறிவித்தார்கள். வில்லியம் வுட்ஹேவ் என்ற ஏழை, பெயின்ட் அடிப்பவர், தேவாலயத்தில் சிறு வேலை பார்த்தவர், தகரத்தில் ஒரு மாதிரி செய்து கொண்டுவந்தார். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணின் வாளியில் மிதந்த உடைந்த மரக்கிண்ணத்தின் பாதியை எப்படிக் கவிழ்த்தாலும் அது நிமிர்ந்துகொண்டதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாக ஊரில் சொல்வார்கள். குழு அவருக்கு ஒரே ஒரு கினி தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டது. படகு கட்டும் வேலை கிரேட்ஹெட்டுக்குப் போனது. நிமிரும் குணம் மட்டும் அந்தப் படகுக்குள் போகவில்லை. 1802இல் நாடாளுமன்றம் கிரேட்ஹெட்டுக்கு 1200 பவுண்டு வழங்கியது. வுட்ஹேவ் 1821இல் ஏழையாகவே இறந்தார். அவர் கல்லறையில் அந்தப் படகு மாதிரியைச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குச் செலவழிக்க மட்டும் ஊரில் காசு இருந்திருக்கிறது.

கிரேட்ஹெட்டைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படகு நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றியது. ஆனால் 1849 டிசம்பரில், அதே சவுத் ஷீல்ட்ஸில், பிராவிடன்ஸ் என்ற உயிர்காப்புப் படகு 24 பேருடன் கவிழ்ந்தது. அது நிமிரவில்லை, 20 பேர் இறந்தார்கள். யோசனை பிறந்த ஊரிலேயே, அறுபது வருடம் கழித்து. அதன்பிறகுதான் நார்தம்பர்லாண்ட் கோமகன் 100 கினி பரிசு அறிவிக்க, 280 வடிவங்கள் வந்து குவிந்தன. 1851இல் வென்ற ஜேம்ஸ் பீச்சிங்கின் படகில் உயர்ந்த முனைப் பெட்டிகள் இருந்தன. ஜேம்ஸ் பீக் என்பவர் அதைத் திருத்தி, இரும்பு ஏராவோடு, உள்ளே வந்த நீர் தானே வடியும் குழாய்களோடு செம்மைப்படுத்தினார். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்கும் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் அந்த ஒரு கினி என் நினைவுக்கு வரும்.

ஆனால் மூடநம்பிக்கைக்குப் பணத் தட்டுப்பாடு வந்ததில்லை. பனிக்குடச் சவ்வு தலையை மூடியபடி பிறக்கும் குழந்தைகள் உண்டு அல்லவா, அந்தச் சவ்வை வைத்திருப்பவன் கடலில் சாகமாட்டான் என்று நம்பி, அக்கால இங்கிலாந்து மாலுமிகள் கினி கணக்கில் கொடுத்து வாங்கினார்கள். பத்திரிகைகளில் விளம்பரமே வந்தது. ரெட்காருக்குத் தெற்கே உள்ள விட்பியில், 1861 பிப்ரவரிப் புயலில், ஒரே நாளில் பலமுறை கடலுக்குப் போய் வந்த மீட்புப் படகு கடைசி முறை கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் மட்டும் புதுவிதத் தக்கைச் சட்டை அணிந்திருந்தார். சவ்வு அல்ல, தக்கை.

இனி எதிர்க்கட்சி வாதம். நிமிரும் படகை எல்லா மீனவர்களும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள நார்ஃபோக், சஃபோக் கரைக்காரர்கள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அது பிடிவாதம் அல்ல, கணக்கு. என் பலகையை நான் ஏன் அறுக்க வேண்டியிருந்தது? குறுகினால்தான் நிமிரும். குறுகினால் எளிதில் கவிழவும் செய்யும். போதாக்குறைக்கு உயர்ந்த முனைகளில் காற்று மோதும். "நிமிர்வதைவிடக் கவிழாமல் இருப்பது மேல்" என்று அவர்கள் அகலமான கனத்த பாய்ப்படகுகளையே வைத்துக்கொண்டார்கள். 1886இல் மெக்சிகோ என்ற கப்பலை மீட்கப் போன இரண்டு படகுகளின் ஆட்கள் 27 பேர் இறந்தபோது, அவற்றில் தானே நிமிரும் வகையைச் சேர்ந்த எலைசா ஃபெர்ன்லி தலைகீழாகவே கிடந்தது. அடுத்த ஆண்டு நியமிக்கப்பட்ட கப்பல் பொறியாளர் ஜி.எல். வாட்சன், கவிழாமையை முதலில் வைத்து நிமிராத படகுகளை வடிவமைத்தார். ஊசல் அந்தப் பக்கம் போனது. அங்கும் கடல் விடவில்லை: 1928இல் ரை துறைமுகத்துப் படகில் 17 பேர், 1969இல் லாங்ஹோப்பில் 8 பேர், 1970இல் ஃப்ரேசர்பரோவில் 5 பேர். கவிழ்ந்தவை அனைத்தும் நிமிராத வகை.

ஏறத்தாழ நூறாண்டு நடந்த இந்த வழக்கு ஒரு கதவால் தீர்ந்தது. எஞ்சின் வந்தபின் தண்டு வலிக்க ஆட்கள் திறந்த வெளியில் உட்கார வேண்டியதில்லை. மேலே ஓர் அறை கட்டி, அதை நீர் புகாமல் அடைத்துவிட்டால், அந்த அறையே வுட்ஹேவின் முனைப் பெட்டி ஆகிவிடும். அடிப்பகுதியை எவ்வளவு அகலமாகவும் வைத்துக்கொள்ளலாம். கவிழ்ந்தால் ஓர் அறை நிறையக் காற்று தண்ணீருக்கு அடியில் அகப்பட்டு முட்டித் தள்ளும், கனமான எஞ்சின்கள் மேலே நிற்கும். இன்றைய பிரிட்டிஷ் மீட்புப் படகுகள் சில நொடிகளில் புரண்டுவிடுகின்றன. உள்ளே ஆட்கள் நாற்காலியில் வார் பூட்டி உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறந்திருந்தால் மட்டும் எல்லாம் வீண்.

குளச்சல்காரரின் இரண்டாவது கேள்வி பாக்கி. வலை இழுக்கும் பைபர் வள்ளத்தில் அடைத்த அறை கட்ட முடியாது. வலையை எங்கே வைப்பது? ஆனால் அறையே இல்லாத திறந்த படகுக்கும் அந்த நாட்டில் வழி கண்டிருக்கிறார்கள். 1970களில் வந்த அட்லாண்டிக் என்ற ரப்பர்ப் படகுகளின் பின்பக்கத்தில், எஞ்சினுக்கு மேலே, வளைவான ஒரு குழாய்ச் சட்டம் நிற்கும். அதன் உச்சியில் மடித்துக் கட்டிய ஒரு பையும் பக்கத்தில் ஒரு வாயுச் சிலிண்டரும். படகு கவிழ்ந்தால் ஆட்கள் நீந்திப் பின்பக்கம் வந்து ஒரு கயிற்றை இழுப்பார்கள். இப்போது நீருக்கு அடியில் இருக்கும் பை விரிந்து பருத்துப் பின்முனையை மேலே தூக்கும். படகு நிற்க முடியாமல் புரளும். ஒரு முனையில் மட்டும், வேண்டும்போது மட்டும் முளைக்கும் முனைப் பெட்டி.

நம் வள்ளம் அந்த ரப்பர்ப் படகைவிட நீளம், வலையும் மீனும் ஏற்றியது; எவ்வளவு பெரிய பை, எவ்வளவு உயரச் சட்டம் என்பதை யாராவது தொட்டியில் வைத்து அளந்துதான் சொல்ல வேண்டும். என் பலகையில் ஒரு பலூனைக் கட்டி ஊதிப் பார்த்தேன். சட்டம் குட்டையாக இருந்தவரை அசையவில்லை. பலகையின் அகலத்தைவிட உயரமாக வைத்ததும் புரண்டது.