சாப்பிட்டு முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது?

உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தால் போதும் அவர்களுக்கு. "கடைசியாகச் சாப்பிட்ட வேளை எத்தனை நிமிடத்தில் முடிந்தது?" என்று கேட்டால் மட்டும் சட்டென்று பதில் வராது. கால் மணி நேரம் இருக்கும் என்பார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னால், அதில் பாதிகூட இல்லை என்று அவர்களே ஆச்சரியப்படுவார்கள். பழக்கத்தை மாற்ற நினைப்பவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். என்ன சாப்பிடுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வயிறு நிறைந்த சேதி மூளைக்கு ஒரே வழியில் போவதில்லை. இரைப்பை விரிவதை, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு உடனே சொல்லிவிடும். ஆனால் 'போதும்' என்ற திருப்திக்கு அது மட்டும் பற்றாது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் மேல்பகுதிக்கு வந்த பிறகுதான் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். நிறைவைச் சொல்லும் மற்ற ஹார்மோன்களான ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகியவை பெரும்பாலும் குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வருபவை என்பதால் அவை ஏற இன்னும் நேரமாகும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனோ, சாப்பிடத் தொடங்கியதும் அடங்கிவிடாமல் மெல்ல மெல்லத்தான் இறங்கும். 'இருபது நிமிடம்' என்று எல்லோரும் சொல்வது இதற்கான ஒரு தோராயக் கணக்கு. ஆறு நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டாம் முறை பரிமாறிக்கொள்பவருக்கு, முதல் முறை உண்டதன் சேதியே இன்னும் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

'மெதுவாகச் சாப்பிடுங்கள்' என்ற அறிவுரையால் மட்டும் யாரும் மாறியதில்லை. மூன்று கவளம் வரை நினைவிருக்கும், நான்காவதில் பழைய வேகம் வந்துவிடும். 32 முறை மெல்ல வேண்டும் என்று எண்ண ஆரம்பித்தால் சாப்பாடு கணக்குப் பாடமாகிவிடும், இரண்டு நாளில் சலித்துப்போகும். அதைவிடக் கையைக் கவனிப்பது எளிது. வேகமாகச் சாப்பிடுபவரின் வாயில் ஒரு கவளம் அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தது கையிலோ கரண்டியிலோ தயாராகக் காத்திருக்கும். அது காத்திருப்பதால்தான் வாயில் இருப்பது பாதி மென்றபடியே உள்ளே போகிறது. எனவே ஒரே ஒரு விதி போதும்: வாய் காலியாகும் வரை கையும் காலியாக இருக்கட்டும். கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

தட்டில் பாதி தீர்ந்ததும் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். அப்போது 'வயிறு நிறைந்ததா?' என்று கேட்டுப் பயனில்லை, அதற்கான பதில் இன்னும் வந்திருக்காது. 'முதல் கவளத்தில் இருந்த ருசி இப்போதும் இருக்கிறதா?' என்று கேளுங்கள். ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட அதன் மேலுள்ள இன்பம் மங்கும். வயிறு சொல்வதற்கு முன்பே நாக்கு சொல்லிவிடும் அடையாளம் அது. பல வகை பரப்பி வைத்த விருந்தில் அளவு மீறிப் போவதற்கும், 'இனிப்புக்கு மட்டும் இடம் இருக்கிறது' என்று தோன்றுவதற்கும் இதுவே காரணம். புது ருசி வந்ததும் மங்கியது மறுபடி துளிர்த்துவிடுகிறது.

பசிக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் முறை பழையது, ஆனாலும் பயனுள்ளது. 1 என்றால் தலைசுற்றும் பசி, 10 என்றால் மூச்சு முட்டும் நிறைவு. 3-4இல் உட்கார்ந்து 6-7இல் எழுந்திருப்பது நல்லது. இதில் அதிகம் பேர் தவறுவது முடிவில் அல்ல, தொடக்கத்தில். எடை குறைய வேண்டும் என்று பகல் உணவைத் தள்ளிப்போட்டு, 1-க்கு வந்த பிறகு தட்டின் முன் உட்கார்ந்தால் அங்கே எந்த நிதானமும் நிற்காது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த பட்டினி ஆய்வில், ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் உணவைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அது மன உறுதிக் குறைவல்ல, பட்டினிக்கு உடல் காட்டும் எதிர்வினை.

பசியும் ஆசையும் வேறு. பசி படிப்படியாக ஏறும், எது கிடைத்தாலும் ஏற்கும். ஆசை திடீரென்று வரும், இன்னதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஆசைப்பட்டுச் சாப்பிடுவது குற்றமில்லை. பொட்டலத்திலிருந்து நேராக வாய்க்குப் போகாமல், தேவையான அளவைத் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

திரை பார்த்தபடி சாப்பிடுவதில் இரட்டை நஷ்டம் இருக்கிறது. அந்த வேளையில் கூடுதலாக உள்ளே போவது ஒன்று. என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் பதியாததால் அடுத்த வேளையிலும் அளவு கூடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

உணவின் தன்மையும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். முன்வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்தே இருந்தன. ஆனாலும் பதப்படுத்திய உணவைச் சாப்பிட்டபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, சாப்பிட்ட வேகமும் அதிகம். மெல்ல வேண்டிய உணவு தட்டில் இருந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும். சாறாகக் குடிப்பதைவிடப் பழமாகக் கடித்துச் சாப்பிடுவது மேல்.

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றப் போக வேண்டாம். அவசரம் குறைந்த ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பது வெறும் பேச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. தவறிய மறுநாளே பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்ப்பதுதான் பசியை மறுபடி 1-க்குக் கொண்டுபோய் விடும்.

எடை சட்டென்று குறையும் என்று இதில் இறங்க வேண்டாம். கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடுவதும், மனச்சோர்வில் சாப்பிடுவதும் குறைய இது நன்றாக உதவும். எடையைப் பொறுத்தவரை பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

சிலருக்கு இந்தப் பசி மதிப்பெண் பொருந்தாது. வயதானவர்களுக்குப் பசி உணர்வே மங்கியிருக்கலாம், அவர்கள் நேரம் பார்த்துச் சாப்பிடுவதே சரி. உண்ணும் பழக்கம் சார்ந்த மனநலக் கோளாறு உள்ளவர்கள் சிகிச்சை தருபவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் பசி வரட்டும் என்று வேளையைத் தள்ளிப்போடக்கூடாது. கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸை உடனே எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் கரண்டியைக் கீழே வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.