ஸ்டூலை விட்டு இறங்குங்கள் மாஸ்டர்!

வாலிபாலில் டிஃபென்ஸ் (எதிரணி அடிக்கும் பந்தை எடுப்பது) பழக்க, பல வருடம் நானும் இதைத்தான் செய்தேன். வலைக்கு இந்தப் பக்கமே ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஆளுக்கு 20 பந்து அடிப்பேன், பையன்களும் சளைக்காமல் எடுப்பார்கள், பார்க்கிறவர்களுக்கு டிஃபென்ஸ் பிரமாதம் என்று தோன்றும். மேட்சில் அதே பையன்கள் கால் நகராமல் நிற்பார்கள். அவர்களைத் திட்டியிருக்கிறேன், தப்பு என்னுடையது.

ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அடி 7 மீட்டர் தாண்ட சுமார் 0.35 வினாடிதான். கண் பார்த்துக் கை அசையவே அதில் பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் எங்கே ஓடுவது? செட்டர் (அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்) தூக்கிய பந்து வலையை ஒட்டி வருகிறதா தள்ளி வருகிறதா, அடிப்பவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, வலையருகே குதித்துக் கைகளால் மறிக்கும் நம் பிளாக் எதை மூடியிருக்கிறது, இதையெல்லாம் பார்த்து முன்னாடியே இடம் பிடித்தால்தான் உண்டு. ஸ்டூல் மேல் நிற்கிற என்னைப் பார்த்து இதில் ஒன்றையும் பழக முடியாது.

இப்போது பந்து எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வரும். அங்கே ஒரு செட்டர், நாலாம் நம்பரில் (அவர்களுக்கு வலையருகே இடது மூலை) ஓடி வந்து அடிக்க ஒருவன். நம் பக்கம் ஆள் குறைந்தால் பிளாக்குக்கு ஒருவன், பின்னால் மூன்று பேர் போதும், ஆனால் பிளாக் இல்லாமல் மட்டும் செய்ய வேண்டாம். பிளாக் லைனை (பக்கக் கோட்டை ஒட்டி நேராக வரும் அடியை) மூடினால், பின் இடதில் நிற்கும் ஐந்தாம் நம்பர் கிராஸை, அதாவது குறுக்காக வரும் அடியைப் பிடிக்க வேண்டும், பின் வலதில் நிற்கும் ஒன்றாம் நம்பர் பிளேசிங்குக்கு (மெதுவாகத் தட்டிப் போடும் பந்துக்கு) முன்னால் வரலாம். நான் பந்தைப் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்க்கிறேன்: அடிப்பவன் கை பந்தில் படும் நொடியில் பின்னால் இருப்பவர்களின் கால் நின்று, எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்துக் காட்டினால் பையன்களே சிரித்துவிடுவார்கள், பாதிப் பேர் அந்த நேரத்தில் குதித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பயிற்சியில் கையில் பட்டதெல்லாம் கணக்கில்லை. பந்து வலை உயரத்துக்கு மேலே எழும்பி, நம் பக்கமே வலையிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கும் கோட்டருகே விழுந்து, அதை யாராவது தூக்கி அடித்தால்தான் ஒரு பாயின்ட்.

விழுந்து எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கோச் டைமாட்சுவின் பயிற்சியில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்கள் உருண்டு எழுந்து பந்து எடுத்ததைச் சொல்லிச் சொல்லியே, நம் ஊரில் கட்டாந்தரையில் முழங்கால் உறை (நீ-கேப்) கூட இல்லாமல் டைவ் அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முழங்கால்தான் போகும். மணலில், குந்திய நிலையிலிருந்து உருளக் கற்றுக்கொடுத்த பிறகு மைதானத்துக்கு வாருங்கள்.

ஸ்டூலுக்குப் பதில் இப்படிப் பழக்கினால் ஒரு பையன் தொடும் பந்து குறையும். "என்ன மாஸ்டர், பசங்க சும்மா நிக்கிறாங்க?" என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்கட்டும். ஸ்டூலை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. புதிதாக வரும் சின்னப் பசங்க கை சேர்த்துப் பழக, முதல் பத்து நிமிடம் அதில் உட்கார்ந்து மெதுவாகப் பந்து போடுகிறேன்.