ஓலைப்பாயில் இழைக்கப்படும் வெப்பம்

வன்னியில் பாய் இழைக்கும்போது, சாயமிட்ட ஓலைகளை எந்த ஒழுங்கில் சேர்ப்பது என்பது இழைப்பவரின் கண்ணும் கையும் எடுக்கும் முடிவு. அந்த முடிவை வெப்பமானியின் பதிவேட்டிடம் கொடுத்துவிட்டால், பாயே காலநிலை ஆவணமாகிவிடும். இது வெறும் கற்பனையன்று. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எலி ஹைவுட், உலக வெப்பநிலைத் தரவுகளை நிறங்களாக்கிப் பின்னிய கம்பளிப் போர்வையை 2017இல் வெளியிட்டார். மறு ஆண்டு அங்கேயே பணியாற்றும் எட் ஹோக்கின்ஸ் உருவாக்கிய, ஆண்டுக்கு ஒரு நிறக் கோடாக வெப்பநிலையைக் காட்டும் 'வெப்பக் கோடுகள்' உலகெங்கும் பரவின.

முறை எளிது. ஓர் ஆண்டின் சராசரி வெப்பநிலையிலிருந்து, முன்கூட்டியே தெரிவுசெய்த நீண்டகாலச் சராசரியைக் கழிக்க வேண்டும். வித்தியாசம் குறைவுப் பக்கமாக இருந்தால் நீலம், மிகுதிப் பக்கமாக இருந்தால் சிவப்பு, விலகல் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். நீண்டகாலச் சராசரி 28 பாகை என்றும் அந்த ஆண்டு 28.4 பாகை என்றும் வைத்துக்கொண்டால், நிறத்தைத் தீர்மானிப்பது 0.4 மட்டுமே. பகலுக்கும் இரவுக்கும் இடையே பல பாகைகள் ஏறி இறங்கும் ஊரில் இந்தச் சிறு வித்தியாசத்தை எவருடைய தோலும் உணராது. ஆண்டுகளை அருகருகே அடுக்கும்போது கண் உணர்ந்துவிடுகிறது. நிற விதியை இழைக்கத் தொடங்குமுன்பே எழுதிவைப்பது அவசியம், ஏனெனில் அழகுக்காக ஓர் ஓலையை மாற்றினாலும் அந்தப் பாய் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

பாயில் ஓலைகள் ஒன்றன் மேலும் கீழுமாகக் கடந்து செல்வதால், ஒரு திசை ஓலைகளுக்கு மட்டும் சாயமிட்டு மறு திசையை இயல்பான நிறத்திலேயே விடுவது நல்லது. துண்டுபட்ட நிறத்தைச் சற்றுத் தள்ளி நிற்கும் கண் கோடாக இணைத்துக்கொள்ளும்.

ஆயினும் வன்னி விவசாயிக்கு வெப்பத்தைவிட மழைதான் பெரிய கேள்வி, மழையை இழைப்பதோ கடினம். ஆண்டுக்காண்டு அது தானாகவே பெரிதும் கூடிக் குறைவதால் வெப்பத்தைப்போல் தெளிவான நிறமாற்றம் எழாது. மேலும், காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதால், பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு வளர்கிறது. பத்து நாளில் வயலில் ஊறும் மழையும் ஒரே இரவில் குளக்கட்டை அச்சுறுத்தும் மழையும் ஆண்டுத் தொகையில் ஒரே நிறமாகிவிடலாம். ஆகவே ஒவ்வொரு ஓலைக்கும் அந்த ஆண்டின் அதிகூடிய ஒருநாள் மழையை எடுப்பதே பொருத்தம் என்பேன். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்ட 2018 டிசெம்பர் போன்ற நாட்கள் அப்போதுதான் கருநீலமாகத் தனித்துத் தெரியும்.