வட்டை அப்படியே சர்வரில் வைப்பது: ஐஎஸ்ஓ இமேஜின் உள்ளும் புறமும்

சிடியில் இருக்கும் கோப்புகளை இழுத்து ஒரு ஃபோல்டரில் போட்டால் சிடி சர்வருக்கு வந்துவிடாது. பூட் பகுதி விட்டுப்போகும். வட்டின் பெயரைச் சரிபார்க்கும் பழைய இன்ஸ்டாலர்கள் 'வட்டைப் போடு' என்றே கேட்டுக்கொண்டிருக்கும். ஐஎஸ்ஓ இமேஜ் எடுப்பது வேறு வேலை: கோப்பு, ஃபோல்டர் என்று எதையும் பார்க்காமல், வட்டின் சிறு துண்டான செக்டருக்கு 2,048 பைட் வீதம் முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் ஒரே கோப்பாக எழுதுவது.

லினக்ஸில் இதற்கு 'டிடி' கட்டளை போதும். ஆனால் கடைசியில் ஒரு பொறி இருக்கிறது. டிராக்-அட்-ஒன்ஸ் (ஒவ்வொரு டிராக்காகத் தனித்தனியே எழுதும்) முறையில் எழுதிய சிடிகளின் முடிவில் தகவல் இல்லாத இரண்டு செக்டர்கள் உண்டு. டிரைவ் அவற்றையும் சேர்த்தே அளவு சொல்லும். படிக்கப் போனால் பிழை வரும். வட்டு கீறல் விழுந்தது என்று பலர் தூக்கிப் போடுவது இங்கேதான். சரியான அளவு வட்டிலேயே, 16-ஆம் எண் செக்டரில், எழுதப்பட்டிருக்கிறது. 'ஐஎஸ்ஓஇன்ஃபோ' கருவி அதைக் காட்டும். 3,30,000 என்று காட்டினால் டிடியிடம் அத்தனை செக்டர் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கோப்பு 67,58,40,000 பைட் இருக்க வேண்டும். எஸ்எச்ஏ-256 கணக்கை (நகல் பிசகவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வட்டோடு ஒப்பிடும்போதும் இதே எண்ணிக்கையோடு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நல்ல இமேஜும் பொருந்தாது.

உண்மையிலேயே கீறல் இருந்தால் டிடியை 'பிழையைத் தாண்டிப் போ' என்று மட்டும் சொல்லி ஓட்டுவது ஆபத்து. படிக்க முடியாத இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பாமல் விட்டால் பின்னால் வரும் எல்லாமே முன்னுக்கு நகரும். கோப்பு முறைமையோ (எந்தக் கோப்பு வட்டில் எங்கே என்று வைத்திருக்கும் ஒழுங்கு) ஒவ்வொன்றையும் செக்டர் எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே செய்தது. செக்டர் அளவு 2,048 என்று கொடுத்து, முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதை அள்ளி, இரண்டாம் சுற்றில் மோசமான இடங்களை மூன்று முறை முயலச் சொல்லலாம். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், மிச்சத்தை வேறொரு டிரைவில் போட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று படித்துவிடுவது சகஜம்.

ஆடியோ சிடிக்கு ஐஎஸ்ஓ ஆகாது. அதில் கோப்பு முறைமையே இல்லை. செக்டரின் 2,352 பைட்டும் ஒலிதான். '.bin' (தகவல்), '.cue' (டிராக் விவரம்) என்ற இரட்டைக் கோப்புகளாக எடுக்க வேண்டும்.

சேமிக்கும் இடம் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறைமையாக இருந்தால், ஒரு கோப்புக்கு 4 ஜிபி என்ற வரம்பில் முட்டும். ஓர் அடுக்கு டிவிடியே 4.7 ஜிபி வரும்.

பகிர இரண்டு வழி. சம்பாவில் (விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிரும் மென்பொருள்) ஐஎஸ்ஓ கோப்பையே, படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, வைக்கலாம். விண்டோஸ் 8 முதல் இரட்டைச் சொடுக்கிலேயே அது ஒரு டிரைவாகத் திறக்கும். டிவி, ஃபோன் போன்றவற்றுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்காக சர்வரே லூப் முறையில் மவுண்ட் செய்து (இமேஜ் கோப்பையே ஒரு வட்டு போலத் திறந்து) உள்ளடக்கத்தைப் பகிர வேண்டும். இதில் என்எஃப்எஸ் (லினக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு முறை) பயன்படுத்துபவர்கள் அடிக்கடி குழம்புவார்கள்: சர்வரில் கோப்புகள் தெரியும், கிளையண்டில் ஃபோல்டர் காலியாக இருக்கும். பகிர்ந்த ஃபோல்டருக்குள் தனியாக மவுண்ட் செய்ததற்குள் என்எஃப்எஸ் தானாக நுழையாது. பகிர்வுகளைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் 'கிராஸ்எம்என்டி' (crossmnt) சேர்த்தால் தெரியும். ஜோலியட் (நீண்ட, பிறமொழிக் கோப்புப் பெயர்களை அனுமதிக்கும் முறை) வட்டில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால், மவுண்ட் செய்யும்போது எழுத்துமுறை யூடிஎஃப்-8 (UTF-8) என்று குறிப்பிடுங்கள்.

இமேஜை மாற்றும் முன் அன்மவுண்ட் செய்யுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும்போதே பழையதை நீக்கிப் புதியதை வைத்தால், பகிர்வில் பழைய உள்ளடக்கமே தெரிந்துகொண்டிருக்கும். நீக்கிய கோப்பின் இடமும் காலியாகாது.