கொழுப்பேறிய கல்லீரல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக். ஸ்கேன் முடிந்து வந்த அக்கா, "ஹாத்தி பெர்லெமாக்காம் தம்பி, நாசி லெமாக்க நிறுத்தச் சொல்றாங்க" என்றார். இரண்டிலும் இருப்பது ஒரே லெமாக்தான். மலாய் மொழியில் கொழுப்புக்கும் அதே சொல், நாசி லெமாக் சோற்றில் சேரும் தேங்காய்ப்பாலின் செழுமைக்கும் அதே சொல். ஹாத்தி பெர்லெமாக் என்பதுதான் ஆங்கிலத்தில் ஃபேட்டி லிவர். ஹாத்தி என்றால் ஈரல். மனத்தையும் அப்படியே சொல்வார்கள்.

ஃபேட்டி லிவர் என்பதில் உள்ள 'ஃபேட்டி' வசவுபோல ஒலிக்கிறது என்று 2023இல் மருத்துவர்கள் அதை நீக்கி, 'ஸ்டியட்டோட்டிக்' என்று வைத்தார்கள். அதன் கிரேக்க வேரான 'ஸ்டியார்' என்பதும் விலங்குக் கொழுப்புதான். வேட்டி மாறியது, ஆள் மாறவில்லை.

தமிழில் சிக்கல் வேறு. நமக்குக் கொழுப்பு என்றால் திமிரும்தான். 'நிணம்' என்ற பழஞ்சொல் பாட்டுக்கு அழகு, கிளினிக்கில் யாருக்குப் புரியும்? சிலர் 'ஈரலில் கொழுப்புக் கட்டி' என்கிறார்கள், அது பிழை. கட்டி எதுவும் கிடையாது. ஈரலின் உயிரணுக்களுக்குள்ளேயே கொழுப்பு துளித்துளியாகச் சேர்கிறது. 5 விழுக்காட்டைத் தொட்டால் கணக்கில் எடுக்கிறார்கள். என் வாக்கு 'கொழுப்பேறிய கல்லீரல்' என்பதற்கே. ஏறியது இறங்கவும் செய்யும்: உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் ஈரல் கொழுப்பும் அழற்சியும் தணிகின்றன.

அக்காவுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, உண்டு. இரண்டாம் வகை இனிப்புநீர்க்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கொழுப்பு இருக்கிறது. இன்சுலினுக்கு உடல் மசியாதபோது, தொப்பைக் கொழுப்பு கரைந்து இரத்தம் வழியே ஈரலுக்குப் போகிறது. மிஞ்சிய சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. நாசி லெமாக் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை, தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீருக்கும் பங்குண்டு. பருத்த இடுப்பு, 130/85ஐத் தொட்ட இரத்த அழுத்தம், லிட்டருக்கு 1.7 மில்லிமோலை எட்டிய டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, குறைந்த நல்ல கொழுப்பு இவையும் கூட்டாளிகள்.

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்ததுபோல இருக்கிறது நம் மொழி. ஆனால் கொழுப்பேறிய ஈரல் ஆண்டுக்கணக்கில் அழற்சியுற்றுத் தழும்பேறினால் உண்மையிலேயே இறுகிவிடும், மருத்துவத்தில் 'சிரோசிஸ்'. தமிழில் 'ஈரல் இறுக்கம்' என்பது போதும்.

"வலியே இல்லையே தம்பி?" என்றார் அக்கா. பெரும்பாலும் இருக்காது. வயது, இரண்டு ஈரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் இவற்றை வைத்துத் தழும்பைக் கணிக்கும் 'ஃபிப்-4' என்ற எண் உண்டு. அவருடைய ரிப்போர்ட்டில் அது இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் கேட்கச் சொல்லி, சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.